மாமா காத்திருந்த செவ்வாய்க்கிழமை

கார்ப் பந்தயங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுவது என் தொழில். இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்பவர்களிடம், சிறுவயதில் மாமாவோடு பந்தயத்துக்குப் போவேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த நாங்கள் மவுண்ட் ஆல்பர்ட் என்ற புறநகரில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை பார்த்தார்கள். மன்னாரில் இருவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் பத்து வயது நான்தான். வீசாக் கடிதம் தொடங்கி, என்னைப் பற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பும் முறைப்பாடு வரை எல்லாவற்றையும் நானே தமிழில் சொல்வேன். முறைப்பாடுகளைச் சொல்லும்போது என் தமிழ் மிகவும் கனிவாக இருக்கும்.

மாமாவுக்குப் பந்தயப் பைத்தியம். பழைய கார் ஒன்றை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டி, சனிக்கிழமைகளில் மண்பாதையில் பந்தயம் ஓடினார். ஒருநாளும் வென்றதில்லை, கார் நசுங்காமல் வந்ததும் இல்லை. "மச்சான், உன்ர கார் ஓடினதைவிட டிரெயிலரில ஏறி வந்ததுதான் கூட," என்பார் அப்பா. யார் யாரை முந்தினார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு நான் கம்பிவேலியோரம் நிற்பேன். அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாட்களையும் பொறுத்துக்கொண்டேன்.

அம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தலையில் அடிபட்டால் அன்றோடு பந்தயம் முடிந்தது. "இவனைக் கேட்டா ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவான். பேப்பர் சொல்லட்டும்." அதனால் செவ்வாய்க்கிழமைகளில் தபால்பெட்டிக்கு வரும் இலவசப் பத்திரிகையின் பந்தயச் செய்தியை நான் வீட்டுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை தேவாலயத்தில் முதல் நன்மை வகுப்பு இருந்ததால் என்னால் போக முடியவில்லை. அன்று மாமா பேச்சில்லாமல் வந்து படுத்தார். ஞாயிறு முழுவதும் தூங்கினார். களைப்பு என்றார். செவ்வாய்க்கிழமை வந்த பத்திரிகையில் முதல்முறையாக அவர் பெயர் இருந்தது. கார் சுவரில் மோதியது, வெளியே எடுத்தபோது அவருக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை, முழுப் பரிசோதனை முடியும்வரை ஓடக் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது பெருமை. அச்சில் எங்கள் மாமா! அடுத்து வந்தது என் சனிக்கிழமைகளைப் பற்றிய பயம்.

"என்ன மோனை போட்டிருக்கு?" அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"எஞ்சின் சூடாகி நிண்டிட்டுதாம். மாமா பாதியில விலகிட்டாராம்."

"தலையில ஏதும்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை அம்மா."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா என்னையே பார்த்தார். "வடிவாப் பார் மருமோன். வேற ஒண்டும் போடேல்லையே?"

"இல்லை மாமா," என்று சொல்லி, அம்மா பார்க்காதபடி கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சரி," என்றார்.

அடுத்த சனிக்கிழமை மாமா ஓடினார். மூன்றாவது சுற்றில் இன்னொரு கார் பின்னால் இடித்தது. பெரிய இடி இல்லை. என் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. ஆனால் ஏற்கெனவே அடிபட்டிருந்த தலைக்கு அது போதுமாக இருந்தது; மாமாவின் கார் திரும்ப நகரவில்லை. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் பெயர்களைத் தேடித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சரக்கு வேலையும் போனது.

அம்மா பத்திரிகையைத் திட்டினார். "அதுக்கு முந்தின கிழமையே காரில ஏதோ பிழை இருந்திருக்கு. அவங்கள் ஒழுங்கா எழுதேல்லை." பல வருடங்கள் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது: நடந்தது மாமாவுக்குத் தெரியும், இருவரும் சேர்ந்துதான் மறைத்தோம், பாதிக் குற்றம் அவருடையது.

இந்தத் தொழிலுக்கு வந்தபின் தலையில் அடிபட்ட ஓட்டுநர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். மோதியது நினைவில் இல்லை. அதன்பின் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை. மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதற்கு மாமா வழக்கம்போல "யெஸ், யெஸ்" என்றுதான் சொல்லியிருப்பார். சனிக்கிழமை தனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அதை அறிந்துகொள்ள அவர் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்தார் என்பதும், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அதைத்தான் என்னிடம் கேட்டார் என்பதும் பத்து வயதில் எனக்குப் புரியவில்லை.