பொட்டு வைத்த பென்டிரைவ்

என் கணவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தெரியாதவராக இருந்தால் சும்மா இருந்திருப்பாரே. அரைகுறையாகத் தெரியும், அதுதான் தொல்லை.

நான் வீட்டிலிருந்தே பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். இப்போது பல தறிகளில், மேலே உட்கார்ந்து டிசைனைப் போடும் ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை குத்திய அட்டை வேண்டாம். பென்டிரைவைச் செருகினால் பூவும் மாங்காயும் புடவையில் இறங்கும். செவிலிமேட்டில் ஒரு தறிக்காரர் முதன்முறையாக என்னை நம்பி மயில் பார்டர் கேட்டிருந்தார். விஜயதசமி காலையில் தறி ஓடியாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளிடம் போய்விடுவேன் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மயிலை முடித்து பென்டிரைவில் ஏற்றினேன். மறுநாள் கம்ப்யூட்டர் நீலம் பாரித்துப் படுத்துவிட்டது. அந்த மயிலுக்கு வேறு பிரதி இல்லை.

"பூட்டபிள் பென்டிரைவ் ஒண்ணு போட்டா எழுந்து ஒக்காந்துக்கும்மா" என்றார் கணவர். அன்று ஆயுத பூஜை, அவருக்குக் கம்பெனி லீவு. இன்றைக்குக் கருவியைத் தொடக் கூடாதே என்றேன். "இது வேலை இல்லமா, வைத்தியம்" என்றார்.

அப்படியொரு பென்டிரைவைச் செய்யும் சாஃப்ட்வேரைத் தன் லேப்டாப்பில் தேடினார். அந்தப் பக்கம் முழுக்க டவுன்லோடு என்று பச்சைப் பொத்தான்கள். எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் அழுத்தினார். ஒன்று வானிலை சொன்னது, ஒன்று வைரஸ் வைரஸ் என்று கத்தியது, ஒன்று சீட்டாடக் கூப்பிட்டது. நீக்கப் போனால் ஒவ்வொன்றும் ஏன் அனுப்புகிறீர்கள் என்று காரணம் கேட்டது. இவர் உட்கார்ந்து மரியாதையாகப் பதில் எழுதினார். மத்தியானத்துக்குள் சரியானது அகப்பட்டது.

அந்த சாஃப்ட்வேர் பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்கும். எங்கள் வீட்டு பென்டிரைவ்களோ ஒரே அச்சு. நாத்தனார் மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு பிள்ளையார் உருவத்தில் பென்டிரைவ் கொடுத்தார்கள். மிஞ்சியதெல்லாம் என் டப்பாவுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் என் டிசைன்கள், அவர் லேப்டாப்பில் திறக்காதவை. அதனால் மயில் இருந்த பிள்ளையாருக்கு மட்டும் குங்குமம் வைத்தேன். "பொட்டு வெச்சதத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கக் கிளம்பினேன்.

கடைகடையாக அலைந்து திரும்பினால், நல்ல நேரம் போய்விடும் என்று அவரே பிஸ்கட் படைத்துப் பூஜையை முடித்திருந்தார். மவுஸுக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம். டப்பாவிலிருந்த அத்தனை பிள்ளையாரும் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம உடலாமாம்மா?"

கம்ப்யூட்டர் ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் போய், டிசைன் சாஃப்ட்வேர்கூட இல்லாமல் வெறுமையாக ஓடியது. எதில் மயில் என்று பார்க்க இனி தறிக்குத்தான் போக வேண்டும்.

"எதத் துடைச்சீங்க?"

"உன்னுது இல்லமா."

"எப்பிடித் தெரியும்?"

பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குமேல் நான் அவரோடு பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின.

காலையில் டப்பாவோடு டவுன் பஸ் ஏறினேன். தறிக்காரர் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். முதல் பிள்ளையாரைச் செருகினேன், பெட்டியின் சின்னத் திரையில் மாங்காய் வந்தது. அடுத்தவர் சந்தனம் காய்ந்து உள்ளே போக மறுத்தார். ஊக்கால் சுரண்டிச் செருகினால் வெறும் கட்டம். "இன்னாமா, உண்டியல்ல போடறாப்பல போட்டுக்கினே இருக்கிறே" என்றார் தறிக்காரர். டப்பாவின் அடியில் கிடந்ததைச் செருகியதும் திரையில் மயில் கழுத்தைத் திருப்பி நின்றது. நான் அழுததைக் கற்பூரப் புகை என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்போ துடைச்சது எது?"

அவர் பீரோவைப் பார்த்தார். அதில் இருந்தது எங்கள் கல்யாண வீடியோ, வேறு பிரதி இல்லாமல் ஒரே பென்டிரைவில்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சப்புறம் எதுல மயிலு இருக்குதுன்னு தெரியல. கல்யாணந்தான் ஆயிடுச்சேம்மா, பொடவ இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

திட்ட வாயெடுத்தவள், தட்டை எடுத்து வைத்தேன். இந்த மனிதர்மீது எனக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. வீடியோவை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பிறகு துடைத்திருக்கலாமே என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது.

சாப்பாட்டின் நடுவே, தாலி கட்டும்போது அவருடைய கை நடுங்கியதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். நடுங்கவே இல்லை என்று சாதிக்கிறார். இனி ஆயுசுக்கும் சாதிப்பார். போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.