அஞ்சலையின் குடம்

காரைக்காலை ஒட்டிய எங்கள் நெரவிப் பக்கம் யாராவது பேயோட்ட வந்தால், என் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போய், எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வருவது எப்படி என்று அவன் எதிரிலேயே விளக்கிக் காட்டுகிறவன் நான். அதனால் எனக்கு ஊரில் இரண்டு மூன்று பேர் ஜென்ம விரோதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு 'வாத்தியாருக்கு மூளையில் ஏதோ கோளாறு' என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி நடந்தது இது. அதற்கு முன்னால் வருடக்கணக்காக மழை பொய்த்து, அரசலாற்று மணலில் மாட்டுவண்டித் தடம் விழுந்து கிடந்தது. கடல் பக்கம் என்பதால் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்புக் கரிக்க ஆரம்பித்தன. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் நின்றது என் கொல்லைக் கிணற்றில் மட்டும்தான், அதுவும் அடியில் முழங்கால் அளவு. என் ஒரே பெண் வசந்தாவுக்கு அப்போது ஏழு வயது, அம்மை வார்த்துத் தேறி எழுந்திருந்தாள், கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் 'அப்பா தண்ணி, அப்பா தண்ணி' என்பாள். இந்தத் தண்ணீரும் போய்விட்டால் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்பதே என் நினைப்பாக இருந்தது. கிணற்றுக்குப் பலகை மூடி போட்டு, சங்கிலி கோத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

தெருக்கோடியில் அஞ்சலை என்று ஒருத்தி, வறட்டி தட்டி விற்பவள், புருஷன் பிள்ளை யாரும் கிடையாது. வசந்தாவுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அஞ்சலை தினமும் காலையில் எங்கள் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். பூட்டுப் போட்ட மறுநாளும் இடுப்பில் மண்குடத்தோடு வந்து நின்றாள்.

"ஒரு கொடந்தான வாத்தியாரய்யா. பாதிக் கொடம்னாலும் போதும்."

"ஒனக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும் அஞ்சலை. சீக்குப் புள்ளைய வச்சிருக்கேன், தெரியும்ல?"

"புள்ள குடிச்சு மிஞ்சுனதத்தான் கேக்குறேன்."

"இல்லன்னா இல்ல. போ."

அவள் கத்தியிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு உறுத்தாது. குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, சிரித்த மாதிரிதான் இருந்தது, "வச்சுக்குங்க. நெறையட்டும். ஒங்க கெணறு நல்லா நெறையட்டும் வாத்தியாரய்யா" என்றாள். குடத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

குட்டைச் சேற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். மூன்றாம் நாள் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். கொள்ளிக்குடம் உடைக்க ஒரு ஆள் இல்லை. வசந்தாவிடம் 'அஞ்சலை அத்தை ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லி வைத்தோம்.

ஐப்பசியும் காய்ந்தது. கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவானது. உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டோ இல்லையோ, எங்கள் பக்கம் மழை நின்றால் உலகத்துப் பாவத்தையெல்லாம் செய்தவள் என்று வைக்கோலிலும் களிமண்ணிலும் ஒரு பெண் உருவம் செய்து, தெருத்தெருவாகக் கயிற்றில் இழுத்து, பெண்கள் மாரடித்து அழ, சுடுகாட்டில் கொண்டுபோய் எரிப்பார்கள். நிஜச் சாவு போலவே எல்லாம் நடக்கும், கொள்ளி போட மகனாக ஒருவன் நிற்க வேண்டும். அந்தப் பாவிக்கு மகனாக நிற்க யாரும் வரவில்லை.

"வாத்தியாரு நிக்கட்டும்ப்பா, அவருதான் பேயே இல்லங்கிறவரு" என்றான் ஒருவன்.

"அவரு பிரெஞ்சு படிச்சவரு. நம்மூர்ப் பேய்க்கு அது வெளங்காது, கிட்ட வராது" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே சரி என்றேன்.

காரியம் செய்துவைக்கும் மாணிக்கம்தான் சிக்கலைச் சொன்னான். கொள்ளிக்குடத்துக்குப் புதுப்பானை வேண்டும், மண் பிசையத் தண்ணீர் இல்லாமல் சூளை எரிந்தே மாதக்கணக்காகிறது, ஊரில் ஒரு புதுப்பானை கிடையாது. "பழசானா என்ன, எங்க வீட்ல ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துட்டு வரேன்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அஞ்சலையின் குடத்தில் என் கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றியபோது என் மனைவி கமலம் வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க, உசுரோட வந்து கேட்டவளுக்கு இல்ல, வைக்கப்பொம்மைக்குத் தண்ணியா?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். சுடுகாட்டில் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினேன், ஒவ்வொரு சுற்றுக்கும் மாணிக்கம் கத்தி நுனியால் ஒரு ஓட்டை போட்டான், மூன்று ஓட்டையிலிருந்தும் தண்ணீர் என் முதுகில் வழிந்தது, மூன்றாம் சுற்றில் பின்பக்கமாகப் போட்டு உடைத்தேன். "பாவி ஒழிஞ்சா!" என்று ஊரே கத்தியது. யாரைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது, அவ்வளவுதான்.

மழை வந்தது. கார்த்திகை பிறந்து சில நாளில் பிடித்துக்கொண்டது, முதல் நாள் தெருவில் ஆடினார்கள், "வாத்தியாரு கை ராசி" என்று ஒருவன் என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். நான்காம் நாள் யாரும் ஆடவில்லை. எந்தப் பெரியவரும் கண்டிராத மழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, மாடுகள் மிதந்து போயின. அன்றைக்குக் கடலிலிருந்து காற்றும் சேர்ந்துகொண்டது, உச்சிவேளையிலேயே விளக்கு வைக்கிற மாதிரி இருட்டு, ஓடுகள் பறக்கின்றன, நானும் கமலமும் வாசல் கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், கொல்லை ஜன்னலில் வசந்தா யாருடனோ பேசும் சத்தம் கேட்டது.

"யாருகிட்டம்மா பேசுற?"

"அஞ்சலை அத்தைப்பா. ஊர்லேந்து வந்துட்டாங்க. நம்ம கெணத்துல தண்ணி ஊத்துறாங்க."

கதவை விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்து அவள் சொன்னாள், "பாவம்ப்பா, கொடம் ஓட்டை. மூணு எடத்துல ஒழுவுது."

பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அந்த ஓட்டைகளைப் பற்றி நான் வீட்டில் பேசியதே இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தென்னைகள் தரையைத் தொட்டுத் தொட்டு எழுகின்ற காற்று, அதில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அவள் முந்தானை அசையவில்லை. நம்பினால் நம்புங்கள், அசையவே இல்லை. பூட்டிய பலகைமேல் குடத்தைக் கவிழ்த்தாள், வேலிப்பக்கம் போனாள், மறுபடி நிறைகுடத்தோடு வந்தாள், மறுபடி கவிழ்த்தாள். ஒவ்வொரு குடத்துக்கும் கிணறு ஏறியது. பலகை கைப்பிடிச் சுவருக்கு மேலே எழும்பி, சங்கிலி விறைத்து, சுற்றிலும் தண்ணீர் குபுகுபுவென்று வழிந்து வீட்டுப்பக்கம் வந்தது.

நான் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் பக்கத்தில் வசந்தா இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

என் பெண் மிதக்கும் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே அந்தக் குடம். மூன்று ஓட்டையிலிருந்தும் தண்ணீர் விழ, அண்ணாந்து வாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல், கண்ணைக்கூட மூடாமல்.

இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து எழுந்து போனேன். "அஞ்சலை! செஞ்சவன் நான். எங்கிட்டத் தீத்துக்க, புள்ளைய விட்டுடு!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. ஆனால் அந்தக் காற்றிலும், காதுக்குப் பக்கத்தில் சொல்வது மாதிரி, அன்று சொன்ன அதே குரலில், சிரித்த மாதிரியே, "நெறையட்டும் வாத்தியாரய்யா" என்று கேட்டது.

பிள்ளையின் தலைமுடி கையில் சிக்கியது, பிடித்து இழுத்தேன். சங்கிலி அறுந்தது. அவ்வளவு நேரம் மிதந்த பலகை கல் மாதிரி நேராகக் கிணற்றுக்குள் இறங்கிப்போனது. நான் அண்ணாந்து பார்த்தபோது மழை மட்டும்தான் இருந்தது.

கமலம் பின்னாலேயே வந்திருந்தாள். அவள் பார்த்தது பலகைமேல் தனியாக உட்கார்ந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை மட்டும்தான். அம்மை கண்டு எழுந்த பிள்ளை, தாகம், மழை, என் மனசில் கிடந்த குற்றம், இப்படி வரிசையாகக் கோத்து எனக்கு நானே பாடம் நடத்திப் பார்த்துவிட்டேன். கிணற்றைத் தூர்த்தாயிற்று. அஞ்சலையைப் புதைத்த இடத்தில் மாணிக்கத்தை வைத்து, மகன் ஸ்தானத்தில் நின்று செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாயிற்று. எதுவும் கணக்கில் வந்த மாதிரி தெரியவில்லை.

வசந்தா இப்போது வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வருகிறாள், சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட அவள் தண்ணீர் கேட்டதில்லை. சித்திரை வெயிலில் நடந்து வந்தாலும் சரி, காய்ச்சலில் உதடு வெடித்துக் கிடந்தாலும் சரி. கொடுத்தால் எங்களுக்காக ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவாள். நான்தான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலைகிறேன். நேற்றும் கேட்டேன், "தாகமா இல்லியாம்மா?" என்று.

புத்தகத்திலிருந்து நிமிராமலே சொன்னாள், சிரித்த மாதிரிதான் இருந்தது: "நெறஞ்சிருக்குப்பா."