ஏணியின் வலது கை

பஸ் பட்டறையில் அவனுக்குப் பெயர் ஏணி. அப்படி ஒரு உயரம். வேலை முடிந்ததும் பின்பக்கக் காலி இடத்தில் வாலிபால் நடக்கும். வலை கட்ட அங்கே யாரும் டேப் தேடியதில்லை. ஏணி கம்பத்தோரம் நின்று வலது கையைத் தூக்குவான். நடுவிரல் நுனி எட்டும் இடத்தில் கயிற்றை இறுக்குவார்கள். வருஷக்கணக்காக அதுதான் அளவு.

வலது தோளில் ஆபரேஷன் ஆனதும் அவனை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டார்கள். போல்ட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டே வெளியே காதை வைத்திருப்பான். சத்தத்தை வைத்தே அடித்தது யார், பந்து வலையில் பட்டதா, தாண்டியதா என்று சொல்லிவிடுவான். வீட்டில் தோள் பயிற்சிக்காகச் சுவரோரம் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல்களை மேலே மேலே நடக்கவிடுவான்.

"பரண்ல இருக்கிற பெட்டிய எடுங்கன்னா தோள் வலிக்குது. பந்துன்னா மட்டும் வலிக்காதாக்கும்" என்பாள் மனைவி.

"நீ பெட்டிய தூக்கிப் போடு, அடிச்சுக் காட்டுறேன்."

இனி ஆடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே போய் நின்றான்.

"அளவுகோல் வந்தாச்சு" என்றான் வெல்டர், கூட்டத்திலேயே குள்ளமானவன். "நீங்க இல்லாம தினமும் வலைச் சண்டைதான்ணே. கைய தூக்குங்க."

தூக்கினான். கட்டினார்கள்.

முதல் பந்தே எதிர்ப்பக்கம் தரையில் இடியாய் இறங்கியது. பழைய அடி என்றார்கள். எதிரணி அடித்த அடுத்த பந்தைத் தடுக்க, ஏணியோடு ஆடிய வெல்டர் எம்பினான். வலையின் விளிம்பை என்றுமே தொட்டிராதவனின் விரல்கள் விளிம்புக்கு மேலே தெரிந்தன.

"கல்யாணத்துக்கு அப்புறம் வளந்துட்டேன் போல" என்றான் வெல்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏணி சிரிக்கவில்லை. கம்பத்தோரம் போய் இடது கையைத் தூக்கினான். அது வலையைத் தாண்டி நாலு விரல் மேலே போய் நின்றது. சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்த உயரத்தில் அவன் இன்னும் பழைய ஏணிதான்.

"கயித்த ஏத்துங்கடா."

"இருக்கட்டும்ணே. நல்லாத்தானே இருக்கு?"

"ஏத்துடா."

ஏற்றினார்கள். வெல்டர் பந்தை உயர்த்திக் கொடுத்தான். ஏணி எம்பினான், கை பாதியிலேயே தயங்கியது. பந்து வலையில் முட்டி அவன் காலடியிலேயே விழுந்தது.

குனிந்து இடது கையால் பந்தை எடுத்து வெல்டரிடம் வீசினான்.

"இன்னொண்ணு போடு."