மங்குஸ்தான் குடித்த தண்ணீர்

என் அண்ணன் சாதிக் வாங்கிய நிலத்தில் எதை நட்டாலும் பிழைக்கும் என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. கடப்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் இருந்த மணல் நிலம் அது. அங்கிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. காற்று அடங்கிய வேளைகளில் காதுக்கு மட்டும் கேட்கும். எங்கள் நம்பிக்கைக்குக் காரணம் மண் அல்ல, அந்த நிலத்தின் நடுவே இருந்த உறைக்கிணறு. கோடையிலும் குனிந்து மொண்டுகொள்ளும் ஆழத்தில் தண்ணீர் நின்றது, அது இனித்தது. கடலுக்கு இத்தனை அருகில் இப்படி ஒரு கிணறு கிடைத்ததை அல்லாவின் பரக்கத் என்றே அத்தா சொன்னார். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் வந்தாலும் அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவார். வந்தவர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இனிக்கிறது என்று சொல்வார். அப்படிச் சொல்லாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நான் வசிப்பது ஆஸ்திரேலியாவின் வடக்கு விளிம்பில், டார்வினில். சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறிய நம்மவர்கள் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டால், அங்கே எதற்குப் போனீர்கள் என்று இரக்கத்தோடு கேட்பார்கள். கணவருக்கு மருத்துவமனையில் வேலை, எனக்கு நூலகத்தில். வந்த புதிதில் எனக்கு வெயிலும் விந்தையாக இல்லை, மழையும் விந்தையாக இல்லை. சனிக்கிழமைச் சந்தைதான் விந்தையாக இருந்தது. செங்கல்பட்டில் பழக்கடைக்காரர் காகிதத் துணுக்குகளை விரித்து, முட்டையைப் போல ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் இங்கே பிளாஸ்டிக் கூடைகளில் கொட்டிக் கிடந்தன. மழைக்காலத்தில் ஒரு கூடைக்கு மேல் வாங்கினால் இன்னொன்றை இலவசமாகத் தள்ளிவிடுவார்கள். அங்கே பழம் விற்ற கென் என்ற முதியவரிடம், என் அண்ணனும் இவற்றை வளர்க்கிறார் என்று பெருமையோடு சொன்னேன். உங்கள் ஊரில் எத்தனை மாதம் மழை என்று கேட்டார். மழை குறைவுதான், ஆனால் எங்கள் கிணறு ‘ஸ்வீட் வாட்டர்’ என்றேன். “ஸ்வீட்டா? அதில் சர்க்கரை போடுவீர்களா?” என்று உண்மையாகவே கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. “இது மழையிலேயே நிற்கிற மரம்” என்று மட்டும் சொல்லிப் பையைக் கட்டிக் கொடுத்தார். தன் ஊர்ப் பெருமையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் செங்கல்பட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர். கேரளத்திலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்த ரம்புட்டான் கன்றுதான் முதலில் வந்தது. பிறகு கைப்பேசிக் குழுக்கள். ஒருவர் பழத்தை அறுத்து உள்ளங்கையில் வைத்துப் படம் போடுவார். மறு நிமிடம் பத்துப் பேர் கன்று கேட்பார்கள். வாங்குவதைவிட மாற்றிக்கொள்வதில்தான் அண்ணனுக்கு ருசி அதிகம். தண்டிலேயே கறுப்பாகக் காய்க்கும் பிரேசில் நாட்டு ஜபோடிகபாவை விதையிலிருந்து எழுப்பி, அதைக் கொடுத்து மங்குஸ்தான் ஒட்டு வாங்கினார். டுரியன், புலாசான், மஞ்சளாகப் பழுக்கும் அபியு என்று ஒவ்வொன்றாக வந்தன. பேருந்து நிலையத்திலிருந்து பார்சல்களைத் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிவருபவர் பக்கத்து நிலத்துக்காரர் ஏகாம்பரம். நான் ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றிய நீளமான மரப்பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பாய், சவப்பொட்டியா? இம்மாங் கனம் கனக்குது.”

“வாயக் கய்வுடா. உள்ள கீறது மங்குஸ்தான் ஒட்டு. ஆட்டாம எறக்கு.”

“எங்கூட்டு மாமரம் சொம்மா கெடந்தே காய்க்குது. ஒனக்கு மட்டும் பாஸ்போர்ட்டு வெச்ச மரமா வோணும்!”

அண்ணனும் சிரித்தார். அந்த ஆண்டுதான் அவர் கடையைக் கைமாற்றிவிட்டு, ஊர் வீட்டையும் விற்று, நிலத்திலேயே சிறிய வீடு கட்டிக் குடிபோனார். அண்ணி பர்வீனுக்கு அதில் விருப்பமில்லை. இருந்தும், சுனாமி வந்தால் என்ன செய்வது என்ற ஒரு கேள்வியை மட்டும்தான் கேட்டார். அண்ணன் அதற்காகவே தரையை இடுப்பளவு உயர்த்தி, கடலைப் பார்த்த பக்கத்தில் சவுக்கை நெருக்கமாக நட்டார். கடல் வந்தால் முன்பக்கமாகத்தான் வரும் என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். இனி அந்தக் குடும்பத்துக்கு வேறு வீடு இல்லை. அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை.

அடுத்த ஆண்டுகளில் செய்திகள் தொலைபேசியில் சிறிது சிறிதாக வந்தன. தனித்தனியாகக் கேட்டபோது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ரம்புட்டான் இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. பூஞ்சையாக இருக்கும் என்று மருந்து அடித்தாராம். துணி துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை, சோப்பை மாற்றினார்கள். பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை என்று அண்ணி மளிகைக்கடையை மாற்றினார், பிறகு அந்தக் கடையையும் மாற்றினார். காய்ந்த மண்தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதை அண்ணன் படம் எடுத்து அனுப்பினார். உரம் படிந்திருக்கிறது என்று அதன் கீழே எழுதியிருந்தார். ஐப்பசி மழை பெய்ததும் புதுத் துளிர்கள் தளதளவென்று வந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மேலும் கன்றுகளை வரவழைத்தார். தையில் மீண்டும் ஓரம் கருகத் தொடங்கியது. இம்முறை கருகல் இலையின் நடு நரம்பு வரை வந்துவிட்டது. அவர் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார். மரங்களுக்குத் தாகம் என்றே நினைத்தார்.

அந்தக் கோடையில் நான் ஊருக்குப் போனேன். வழக்கம்போல் வாசலிலேயே சொம்பு நீண்டது. பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்தேன். நாக்கின் இரு ஓரங்களிலும் அது தெரிந்தது. கடல்நீரின் உப்பு அல்ல. அழுது முடித்த பிறகு உதட்டில் மிஞ்சுமே, அந்த அளவு. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்டி கீது?”

“உப்புக் கரிக்குதுண்ணே.”

அவர் உரக்கச் சிரித்தார். “பாட்டில் தண்ணி குடிச்சி குடிச்சி உன் நாக்கு வெள்ளக்காரன் நாக்கா பூட்ச்சி நஜ்மா. நாங்க தெனம் இத்ததான் குடிக்கறோம். எங்களுக்குத் தெரியாதது உனுக்குத் தெரியுதா?”

தினமும் குடித்ததால்தான் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துளி ஏறிய உப்பை நாக்கு ஒவ்வொரு நாளும் மன்னித்துவந்திருக்கிறது. இதை நான் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. இனிக்கிறது என்று சொல்லாததால் நான் விருந்தாளி இல்லை. வீட்டு ஆட்களுக்குத் தெரியாத ருசி எனக்குத் தெரிந்ததால் வீட்டு ஆளும் இல்லை. அண்ணன் சாட்சிக்கு வேலியோரம் நின்ற ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். அவர் சொம்பை வாங்கினார்; குடிக்கவில்லை.

“இத்தக் குடிச்சிதான் ஆவணுமா பாய்?”

“குட்ச்சிட்டு சொல்லுடா. தங்கச்சி உப்புன்னுது.”

“கோச்சுக்காத. நான் ரொம்ப நாளா இங்க வர்றப்ப பாட்டில்ல தண்ணி எட்த்துகினுதான் வரேன். நீ குடுத்தா வாய நனச்சிகினு பூடுவேன்.”

“அப்பறம் இன்னாத்துக்குடா இனிக்குது இனிக்குதுன்ன?”

“நீ கையில குடுத்துட்டு மூஞ்சியவே பாத்துகினு நிக்கற. வூடு தேடி வந்தவன் அத்த உப்புன்னுவானா? நீகூடதான் எங்கூட்டுக்கு வந்து, என் பொண்டாட்டி வெச்ச கொயம்ப சூப்பரா கீதுன்ன. அது இன்னா நெசமா?”

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் மட்டும் வந்தது. “பருப்பு வேவல, வேவலன்னு எத்தினி தபா சொன்னேன்.” அதற்குப் பிறகு அண்ணன் தோட்டத்துக்குள் போனார். வந்த உறவினர்கள், நண்பர்கள், கன்று மாற்ற வந்தவர்கள் எல்லோரும் இனிக்கிறது என்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மரங்களுக்கு மட்டும் அந்த மரியாதை பழக்கமில்லை.

பிறகு நடந்ததும் நம்பிக்கையால்தான் நடந்தது. நாங்கள் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களில் உறவுகள் உள்ளவர்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனால் அடிவரை இறைத்துவிடுவார்கள். புது ஊற்று தெளிவாகச் சுரக்கும். அண்ணன் அதையே செய்தார். கிணற்று மோட்டாரோடு இன்னொன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டையும் ஓயாமல் ஓடவிட்டார். தண்ணீர் மணலைப் பறித்துக்கொண்டு சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடியது. தொழுகைக்கு நின்றாலும் அந்த உறுமல், சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த உறுமல். எத்தனை இறைத்தும் மட்டம் இறங்கவில்லை. அண்ணன் கிணற்றுச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு, பல மாதங்களில் முதல் முறையாக முகம் மலர்ந்து என்னை அழைத்தார். “பாத்தியா நஜ்மா! இன்னும் அப்டியே நிக்குது. வத்தற ஜாதியே இல்ல இது!” நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்காமல், கண்ணாடிபோலத் தெளிந்து நின்றது. அதில் ஒரு தவளைகூட இல்லை. ஏனென்று தெரியாமலேயே கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நான் கிளம்பும்போதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டார்வின் விமான நிலையத்தில், பண்ணை எதற்கேனும் போனீர்களா என்று அதிகாரி கேட்டார். போனேன் என்றதும் என் காலணிகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார். இந்த நாட்டில் அயல் மண்ணை ஒரு சிட்டிகைகூட உள்ளே விடமாட்டார்கள். அவர் தூரிகையால் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, புன்னகையோடு திருப்பித் தந்தார். “இப்போது சுத்தம். வெல்கம் ஹோம்.” நான் நன்றி சொன்னேன். ஈரக் காலணிகளோடு வெளியே வந்தபோது, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒரு கணம் தெரியவில்லை.

சில வாரங்களுக்குப் பின் நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடிப் படித்தேன். கடலோர மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்குமாம். மேலே இருப்பதை அதிகமாக இறைத்தால் கீழே இருப்பது எழும்பி வருமாம். எங்கள் கிணறு வற்றாததன் காரணம் அந்தப் புத்தகத்தில் இரண்டே வரிகளில் இருந்தது. நாங்கள் முன்பக்கம் காவல் வைத்துத் தடுக்க நினைத்த கடல், அடுப்பங்கரைக்கு அடியில், சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தது. அண்ணனை அழைத்தேன். நான் தொடங்கும் முன்பே அவர், “தெரியும்மா. மோட்டார நிறுத்திட்டேன்” என்றார். பிறகு, “மங்குஸ்தான் எல இன்னும் பச்சையாதான் கீது. ஆனா தொட்டா வுயுந்துடுது” என்றார்.

பிழைத்த கன்றுகளை அவர் கேரளத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அவருக்கு ஒட்டுக் கன்றுகள் அனுப்பிக்கொண்டிருந்த நாற்றங்கால்காரர், மலையடிவாரத்தில் இடம் இருக்கிறது, கூட்டாகச் செய்யலாம் வாருங்கள் என்றார். ஏகாம்பரமும் அண்ணனும் வேர் மண்ணோடு கன்றுகளைத் தோண்டிச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். இம்முறை ஏகாம்பரம் எந்தக் கேலியும் பேசவில்லை என்று அண்ணி சொன்னார். அண்ணிக்கும் சேர்த்துத்தான் அங்கே வீடு பார்த்திருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அன்று அண்ணனிடம் சொன்னதை அவர் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்.

“மரத்த மண்ணோட பேத்து எட்த்துகினு பூடலாம். என்ன எப்டி பேக்கறது? செங்கல்பட்டு வூட்ட வித்தப்பவே ஒரு தபா பேத்தாச்சு. நீ போ. நான் எங்கியும் வர்ல.”

ஒரு பருவம்தான், நிலத்துக்கு யாராவது கிடைக்கும் வரைதான் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு கோடை கழிந்து இன்னொன்று வந்துவிட்டது. உப்பு ஏறிய நிலத்தை வாங்க யாரும் வரவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மூவரும் கைப்பேசியில் ஒன்றாகப் பேசினோம். திரை மூன்று சதுரங்களாகப் பிரிந்திருந்தது. அண்ணனின் சதுரத்தில் கோடைமழை. ஓட்டுக் கூரையின் விளிம்பிலிருந்து நூல்நூலாக இறங்கும் தண்ணீருக்குப் பின்னால், ஓரம் கருகாத இலைகள் தெரிந்தன. என் சதுரத்தில் டார்வினின் கடைசி மழை, ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. இரண்டு மழைகளின் இரைச்சலில் நாங்கள் இருவரும் கத்திக் கத்திப் பேசினோம். நடுச் சதுரத்தில் மழை இல்லை. வெளிறிய வானம், தரையில் வெள்ளை பூத்த குழிகள், அவற்றின் நடுவே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் அண்ணி. எங்களுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. எங்கள் பேச்சுதான் அவருக்குக் கேட்கவில்லை. “மய பேயுதா? நல்லா பேயட்டும். லாரி வந்துட்ச்சி, நான் போயி தண்ணி புட்ச்சிகினு வரேன்” என்று சொல்லி, கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் குடத்தோடு போனார். அண்ணனும் நானும் அந்த வெற்றுச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நிலத்தில் இப்போது இருப்பவர் பர்வீன் அண்ணி ஒருவர்தான்.