லாரி குடித்த மேகம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பலமனேரி தக்காளி மண்டியில் லோடு ஏற்ற என் முறை வரவில்லை, தூக்கமும் வரவில்லை, போனில் சார்ஜ் மட்டும் இருந்தது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், அதுவும் பாதி. தமிழை பஸ் போர்டிலும் பஜ்ஜி மடித்த பேப்பரிலும் பொறுக்கிக்கொண்டேன். பிழை இருந்தால் பஜ்ஜிக் கடைக்காரரைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் நகரி. நைனா பவர்லூமில் வேலை செய்தார், அம்மா தறிக்கு நூல் சுற்றுவாள். அம்மாவின் தம்பிதான் என் மாமா. அவர் லாரி ஓட்டினார். போகும்போது துணி பேல்களோடு சித்தூர் வழியாகப் பெங்களூர், திரும்பும்போது இதே பலமனேரியிலிருந்து தக்காளி. நடுவில் மொகிலி மலைப்பாதை. போகையில் ஏற்றம், வருகையில் இறக்கம்.

மழைக்காலத்தில் ஒரு தரம் மாமா என்னையும் கூட்டிப்போனார். பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கி வண்டியை மூடிக்கொண்டது. கண்ணாடி வெளுத்துப்போனது. மரங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. நான் ஜன்னலில் கையை நீட்டி மேகத்தைப் பிடித்தேன். கை நனைந்தது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் இறக்கத்தில் ஒரு வளைவு வந்ததும் மாமா பாட்டை நிறுத்தினார், தாண்டியதும் மறுபடி போட்டார். டேப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன்.

அதற்கடுத்த காலையில்தான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். பிரேக்குக்குக் காற்று அடைத்து வைக்கிற டேங்க் லாரிக்கு அடியில் இருக்கும். அதன் கீழே தொங்கும் வளையத்தை மாமா இழுத்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கூடவே பழுப்பாகத் தண்ணீர் தெறித்தது. டேங்க்கில் யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லையே?

“மேகத்துல பூந்து வந்தோமில்ல? நீ வேடிக்க பாத்துகினு இருந்த. வண்டி குடிச்சிகினு இருந்துது,” என்றார் மாமா.

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னதால் நம்பினேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்டியா? அப்ப வண்டி வூட்ல நிக்கிற நாள்லாம் எனக்கு ஒரு சொம்பு மேகம் கொண்டாடா. மல்லிச் செடிக்கு ஊத்தலாம்.”

அன்றிலிருந்து லாரி தெருமுனையில் நின்ற காலைகளில் எனக்கு உத்தியோகம் வந்துவிட்டது. மாமாவின் போர்வையை இழுப்பேன், காலில் கிச்சுகிச்சு மூட்டுவேன். அவர் என்னையும் என் வம்சத்தையும் திட்டிக்கொண்டே லாரிக்கு அடியில் போவார். அவருடையதும் அதே வம்சம் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் இருக்காது. சொம்பில் கொஞ்சம் விழும். இரண்டு கையாலும் பிடித்து, தளும்பாமல், சாமிக்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோவேன். மல்லியும் வஞ்சனையில்லாமல் பூத்தது. எங்கள் வீட்டு மல்லியில் மொகிலி மலை வாசனை வருகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஒரு தடவை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சில நாள் கழித்துத் திரும்பியிருந்தாள். அன்று காலை மாமா பெங்களூர் கிளம்ப வேண்டும். ராத்திரி மழையில் லாரிக்கு அடியெல்லாம் சேறு, மாமா போட்டிருந்ததோ புது வெள்ளைச் சட்டை. சொம்பை வாங்கிக்கொண்டு லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், உடனே நிறைய கொண்டுவந்து கொடுத்தார். தெளிவான தண்ணீர். நல்ல மேகம் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மா சொம்பை வாங்கி முகர்ந்தாள். “இன்னாடா இது? மேகம் இன்னிக்கி தெருக்குழாய்ல வந்துதா?”

அதற்குள் லாரி உறுமத் தொடங்கியது. அம்மா சொம்போடு ஓடினாள். போய் வண்டிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டாள். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு அடங்கியது. வாசலெல்லாம் தலைகள்.

“அக்கா, மானத்த வாங்காத. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். எறங்கி, கீய பூந்து, அந்த வளையத்த இயுத்துட்டு அப்புறமா பெங்களூர் போ, லண்டன் போ.”

“புதுச் சட்டக்கா!”

“நான் தொவைச்சித் தரேன். எறங்குடா.”

மாமா எஞ்சினை அணைத்தார். சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, பனியனோடு சேற்றில் தவழ்ந்து போனார். புஸ். முதலில் எச்சில் துப்பின மாதிரி வந்தது. அப்புறம் காப்பி மாதிரி, நிற்காமல் வந்தது. நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர் ஒருநாளும் அடியில் போகவில்லை என்பது அந்தத் தண்ணீரிலேயே தெரிந்தது. எவ்வளவு மேகம்! சொம்போ அம்மா கையில், அதில் குழாய்த் தண்ணீர். அத்தனை மேகமும் சேற்றில் போய்க்கொண்டிருந்தது. நான் ஓவென்று அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அயுவாதம்மா,” என்றேன். “மாமா வர்றப்ப வேற மேகம் கொண்டாருவாரு.”

“வரட்டும்,” என்றாள். “அவன் வந்தா போதும்.”

மாமா மறுபடி எஞ்சினைப் போட்டார். டேங்க்கில் காற்று நிறைந்து மீட்டர் முள் மேலே ஏறும்வரை அம்மா வழியை விடவில்லை.

அம்மாவின் அப்பாவும் லாரி ஓட்டினவர். மாமா பாட்டை நிறுத்திய அந்த வளைவில்தான், பிரேக் பிடிக்காமல், போய்ச் சேர்ந்தார். தண்ணீர் சேர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், வால்வும் கெடும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேல் வளர்ந்த தம்பியைத் தினமும் அவளே விரட்ட முடியாது, அதற்கு என்னை வைத்தாள். மல்லிக்கு அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போனதில்லை. அதில் எண்ணெய், ஊற்றினால் செடி கருகிவிடும். நிறம் பார்த்து, முகர்ந்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் சாக்கடையில் கொட்டிவிடுவாளாம்.

இதில் பெரிய வேடிக்கை, மாமா விட்டது பொய்யே இல்லை. வெளிக்காற்றை இழுத்துத்தான் டேங்க்கில் அடைக்கிறார்கள், அதிலிருக்கும் ஈரம்தான் உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது. வண்டி நிஜமாகவே மேகம் குடித்திருக்கிறது. தான் சொன்னது உண்மை என்று மாமாவுக்கு இன்னமும் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை, தலைகால் புரியாது அவருக்கு.

என் வண்டி புதுசு. காற்றை உலர்த்தியே டேங்க்குக்கு அனுப்புகிறது. அதனால் வளையத்தின் பக்கம் நான் எப்போதாவதுதான் போகிறேன்.

முறை வருகிற மாதிரி இருக்கிறது. இவ்வளவையும் பின்னால் மூன்றாவது வண்டியில் இருக்கிற என் கூட்டாளிக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் வந்தது:

“அயுதுட்டேன் மச்சான், அது கெடக்கட்டும், சாயங்காலம் மொகிலி எறங்கணும், எப்பவாச்சும்னு சொல்றியே அந்த எப்பவாச்சும் இன்னிக்கா இல்லியா?”