இருநூறு கேட்ட அக்கா

முகத்துக்குப் பூசும் பவுடரின் வாசம் எங்கள் வீட்டுச் சீட்டாடும் தாள்கட்டில் எப்போதும் இருந்தது. விசுவமடுவின் வெக்கையில் வியர்த்த கைகளில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அவற்றைப் பாயில் பரப்பிப் பவுடர் தூவித் துடைத்து வைப்பா. பிறகு அம்மாவும் அப்பாவும் ஒரு பக்கம், அக்காவும் நானும் மறுபக்கமாக "முன்னூற்றிநாலு" விளையாடுவோம்.

இந்த விளையாட்டில் எட்டுத் தாளில் முதல் நாலைத்தான் தருவார்கள். அந்த நாலை மட்டும் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்போம் என்று "கேட்க" வேண்டும்; ஆகக் கூடுதலாகக் கேட்டவர் தன் கையிலுள்ள ஒரு தாளைக் கவிழ்த்து வைத்து, அதன் இனத்தை மற்ற இனங்களை வெட்டும் "துரும்பு" ஆக்குவார். அக்கா இதில் மகா கருமி. இந்த விளையாட்டின் ஆகப் பெரிய தாள்களான ஜாக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் இருந்தால்தான் வாய் திறப்பாள். தனி ஜாக் என்றால், முதலில் கேட்கும் இடத்தில் இருந்தால் சும்மா இருப்பாள். எதிர்ப்பக்கம் கேட்டுவிட்டால் அதே ஜாக்கை ஒளித்து வைத்து அவர்களைக் கவிழ்ப்பாள். "நாலு தாளுக்கு ஆசைப்படு, வராத நாலுக்கு ஆசைப்படாத" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

யுத்த இடப்பெயர்வில் அக்கா ஒரு வருடப் படிப்பைத் தொலைத்ததால், அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்து, சாதாரணதரப் பரீட்சையில் ஒன்றாகவே சித்தியடைந்தோம். வவுனியாவிலிருந்த பெரியம்மா, உயர்தரம் படிக்க ஒருத்தியை அனுப்பச் சொன்னா. ஒருத்திக்குத்தான் வீட்டில் இடம். இரண்டு பேருமே போகத் துடித்தோம். அப்பாவால் ஒருத்தியைச் சொல்ல முடியவில்லை. "விளையாடித் தீர்ப்பம்" என்றாள் அக்கா. முதன்முறையாக எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தோம். அம்மா அவளோடு, அப்பா என்னோடு.

கடைசி ஆட்டத்தில் எனக்கு ஆட்டின், அதாவது சிவப்பு இதயப் படத்து, ஜாக்கும் ஒன்பதும் வந்தன. நூற்றெழுபது கேட்டேன். அக்கா தன் நாலு தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இருநூறு" என்றாள். அவள் அவ்வளவு கேட்டு நான் கண்டதேயில்லை. பாதி ஆட்டத்தில் துரும்பைத் திறந்தபோது அது ஒரு புள்ளியும் பெறாத ஆட்டின் ஏழு. அந்த இனத்தில் அவளிடம் வேறு தாளே இல்லை.

"என்ன பிள்ளை, இதை வைச்சுக்கொண்டோ இருநூறு கேட்டனீ?" என்றார் அப்பா.

"மிச்ச நாலும் நல்லா வருமெண்டு நினைச்சன் அப்பா."

தோற்றவர்கள் காதில் "கடுக்கன்" போட வேண்டும் என்பது வழக்கம். அக்கா தானே எழுந்துபோய்ப் பூவரசம் இலை பிடுங்கிக் காதில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் வேண்டுமென்றே தோற்றாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் திரும்ப விளையாடியிருப்போம். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் போக வேண்டியிருந்தது.

நான் போன அடுத்த வருடமே மறுபடி யுத்தம் மூண்டு, வவுனியாவுக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள். பிறகு நடந்ததெல்லாவற்றையும் அம்மா அப்பாவோடு அக்காதான் பட்டாள். யுத்தம் முடிந்து அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும் அவள்தான். அவளுடைய படிப்பு அதோடு போயிற்று. நான் இன்று வவுனியாவில் ஆசிரியை. அவள் விசுவமடுவில் வயல் செய்கிறாள். அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. முன்னூற்றிநாலுக்கு நாலு பேர் சேருவதுமில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தபோது அக்காவின் மகள் கைபேசியில் போக்கர் விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு தாள் வந்தவுடனேயே வெல்ல எத்தனை வீதம் வாய்ப்பு என்று அது காட்டுகிறது. அக்கா அதை எட்டிப் பார்த்தாள். இவ்வளவு காலமும் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அண்டைக்கு நீ வேணுமெண்டுதானே தோத்தனீ? எனக்கு அப்பவே தெரியும்."

"ஓம்" என்றாள். "துரும்பைத் திறந்த பிறகு நீ என்ர முகத்தைப் பாக்கவேயில்லை. உனக்குத் தெரிஞ்சிட்டுதெண்டு எனக்கும் தெரியும்."

நான் சொல்லாமலிருந்ததை அவள் அன்றே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் என்னுடைய பெட்டியை அடுக்கித் தந்திருக்கிறாள்.