இரண்டு தலைக்கு ஒரு ஹெட்போன்

செய்தி தந்தியில் வந்தது. திருச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் விடுதி வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அம்மா இறந்துவிட்டார். உடனே வரவும். யாரோ ஒருவருடைய விரல் அந்த வார்த்தைகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பியிருக்கும். தடுமாறாமல் தட்டியிருக்கும். ரயிலில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

என் அம்மா ராயபுரம் லூர்து மேரியைத் தெருக்காரர்கள் குரலால் அறிவார்கள். ஊர் பேர் தெரியாத வேறு பலர் அவரை விரலால் மட்டுமே அறிந்திருந்தார்கள். போர்க்காலத்தில் பெண்களையும் தந்திப் பணிக்கு எடுத்தார்கள். அப்பா இறந்திருந்த நேரம். அம்மா வேலைக்குச் சேர்ந்தார். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விரல் மட்டும் ஓயவில்லை. மூர் மார்க்கெட்டில் பட்டாளத்து ரேடியோ ஒன்றை வாங்கினார், பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே முகம் தெரியாதவர்களோடு தந்தி மொழியில் பேச அமெச்சூர் வானொலி உரிமமும் பெற்றார். உரிமம் அவர் பெயரில். அவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே புள்ளியும் கோடும் தட்டும் தந்திச் சாவியை நான் தொடலாம்.

மாடியில் ஏரியல் கம்பி கட்டிய அன்று எதிர்வீட்டு மீன்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா லூர்தம்மா, ஆகாசத்துல வலை போட்டுகினு கீற? எதுனா மாட்டிச்சா?”

“மாட்டுது நைனா. கொழம்பு வைக்கத்தான் முடியல.”

ரேடியோவோடு வந்த ஹெட்போன் ஒன்றுதான். ரேடியோவில் அதைச் செருகவும் ஒரே துளை. ஆனால் அதன் காதுக் கிண்ணங்கள் வெளிப்பக்கமாகத் திரும்பும். வலது கிண்ணம் அம்மாவின் காதில் இருக்கும். இடதை வெளியே திருப்பினால் என் காதுக்கு. கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார வேண்டும். அவர் திரும்பினால் என் தலையும் திரும்பும். தெருப் பிள்ளைகள் எங்களை ‘ரெட்டத்தல’ என்றார்கள்.

அப்படித்தான் போட்டிகளில் கலந்துகொண்டோம். குறித்த நேரத்துக்குள் எங்களைப் போன்ற எத்தனை நிலையங்களைப் பிடிக்க முடியுமோ அத்தனை. நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி, ஓர் எண், நன்றி, அடுத்தவர். அவ்வளவுதான். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு அம்மா சொல்வார்: “சாமிக்குக் குடுக்க வேண்டியத குடுத்தாச்சு. மிச்சம் காத்துக்கு.”

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாகக் கற்றவர் யாராவது தத்தித் தத்தி அழைத்தால், அவருடைய வேகத்துக்குத் தன் கையை இறக்கிவிடுவார். எண்ணைத் தப்பாக வாங்கினால் திரும்பத் திரும்ப அனுப்புவார். ஒரு போட்டியில் அப்படி ஒருவர் விடாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

“வுட்டுடும்மா. இவனால எல்லாரும் போய்கினே கீறாங்க.”

“போறவங்க வேற யார் கூடனா பேசிப்பாங்கடி. இவனுக்கு இன்னிக்கி நாமதான் கீறோம்.”

நான் தலையை இழுத்துக்கொண்டேன். ஹெட்போன் அவர் தலையிலிருந்து வழுக்கித் தோளில் விழுந்தது. அம்மா அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி மெதுவாகத் தட்டத் தொடங்கினார்.

முதல் சம்பளத்தில் அவருக்குப் புது ஹெட்போன் வாங்கினேன். லேசானது. கிண்ணங்கள் திரும்பாது.

“நல்லா கீது. பாரமே தெர்ல,” என்றார். தடவிப் பார்த்தார். “அப்ப நீ எங்க உக்காருவ?”

“எங்க வேணா உக்காரலாம்மா. அதுக்குத்தானே வாங்கினேன்.”

அதை அன்பளிப்பு என்றே எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த போட்டியில் அதை நான்தான் மாட்டிக்கொண்டேன். வேகமாகப் பிடித்தேன், வந்த எண்களை உரக்கச் சொன்னேன். அம்மா எழுதினார். எதுவும் காதில் விழாமல், பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க எழுதினார். அதற்கு முன் நாங்கள் அத்தனை நிலையங்களைப் பிடித்ததே இல்லை. அம்மா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்த ஆண்டும் போட்டிக்கு அழைத்து எழுதியிருந்தார். விடைத்தாள் திருத்த வேண்டும் என்று பதில் போட்டேன். விடைத்தாள்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

வீட்டில் பிலோமினா அக்கா காத்திருந்தார். பக்கத்து வீடு. அம்மாவை முதலில் பார்த்தவர்.

“ஞாயித்துக்கெழம அம்மா பூசைக்கு வந்துட்டுத்தான் போச்சு ஸ்டெல்லா. டீ எடுத்துகினு போறேன், மேஜ மேல தல சாஞ்சி கீது. தூங்குதுன்னு நெனச்சேன். அந்தப் பொட்டிய எப்படி நிறுத்தறதுன்னு எனுக்கு தெர்ல. அப்படியே வுட்டுட்டேன்.”

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் மாடி அறைக்குப் போனேன். ரேடியோவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ இன்னும் சூடாக இருந்தது. புது ஹெட்போன் அட்டைப்பெட்டிக்குள், அலமாரி மேல். துளையில் செருகியிருந்தது பழையது. அதன் இடது கிண்ணம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் நான் வழக்கமாக உட்காரும் முக்காலி.

இந்த ஆண்டுப் போட்டியை அப்படித்தான் தொடங்கியிருக்கிறார்.

முக்காலியில் உட்கார்ந்தேன். இடது கிண்ணத்தை மட்டும் காதில் வைத்தேன். போய்ட்டு வாம்மா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், கற்றுக்குட்டி, தடுமாறித் தடுமாறி, பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று அழைத்துக்கொண்டிருந்தார். சாவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட எனக்கு உரிமை இல்லை.

அவர் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.